செத்துப்போனவரின் கேஸ் ஷீட்

செத்தவங்களுக்கு என்னய்யா ரகசியம் என்று கேட்கிறார்கள். ஹென்ரியட்டா லாக்ஸ் பற்றி ரெபெக்கா ஸ்க்லூட் 2010இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்தபின் எனக்கு அந்தக் கேள்வி கேட்கத் துணிவில்லை.

ஹென்ரியட்டா அடிமைகளின் வழிவந்தவர். புகையிலைக் காட்டில் பாடுபட்டு வளர்ந்த கறுப்பினப் பெண். பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கறுப்பர் வார்டில் 1951இல் புற்றுநோயால் இறந்தபோது வயசு 31. அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் ஆய்வகங்களில் இன்றும் பெருகுவது பலரும் அறிந்த கதை. அவருடைய கேஸ் ஷீட்டின் கதையை யாரும் பேசுவதில்லை. மைக்கேல் கோல்டு என்ற பத்திரிகையாளர் 1980களில் எழுதிய நூலில், அவர் பட்ட வேதனையும் பிணப்பரிசோதனை விவரமும் குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்காமல் அச்சேறின. தாய் எப்படித் துடித்தார் என்பதை மகள் டெபோரா யாரோ எழுதிய புத்தகத்தில் படிக்க வேண்டியிருந்தது.

பிறகு அந்தக் காகிதக்கட்டு டெபோராவின் கைக்கே வருகிறது. பையில் போட்டுக்கொண்டு அலைகிறார். ஸ்க்லூட்டை நகலெடுக்க விடவில்லை. சந்தேகம் முற்றி ஒருதரம் அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறார். வெள்ளைக்காரரான ஸ்க்லூட் இதை மறைக்காமல் எழுதியது நேர்மை. ஆனால் பிணஅறையை அவரும் விரிவாகத்தான் எழுதுகிறார். ஹென்ரியட்டாவின் கால்விரலில் பெயர்ந்திருந்த சிவப்பு நகப்பூச்சு, ஆய்வக உதவியாளர் ஒருவரின் ஞாபகத்திலிருந்து வருவது. என்னை அழவைத்தது அதுதான். கட்டிகளின் வர்ணனையைப் படிக்கையில் கூச்சமாக இருந்தது. டெபோரா 2009இல் இறந்துபோனார், புத்தகம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை.

அமெரிக்க மருத்துவத் தகவல் விதியை 2013இல் திருத்தினார்கள். இறந்தவரின் குறிப்புகளுக்கு 50 ஆண்டு பாதுகாப்பாம். 1951ஓடு கூட்டிப் பாருங்கள், ஹென்ரியட்டாவுக்கு 2001லேயே கெடு முடிஞ்சுபோச்சு! அதே 2013 மார்ச்சில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அவர் செல்களின் மரபணு வரிசையைப் பொதுவில் போட்டார்கள். பேரப்பிள்ளைகளின் உடம்புச் சங்கதியும் அதில் அடக்கம். குடும்பம் எதிர்த்தபிறகுதான், ஆகஸ்டில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அனுமதி கேட்போரைப் பரிசீலிக்கும் குழுவில் அந்த வீட்டார் இருவருக்கு இடம் தந்தது.

நம்முடைய சங்கடம் வேறு. கொல்லப்பட்ட நம் சனங்களின் பிணப்பரிசோதனை அறிக்கையைப் போராடி வாங்கி, இதுபோன்ற பக்கங்களில் அச்சிடுகிறோம். அது சாட்சி. அதை மூடிவைக்கச் சொல்பவன் யாரென்று நமக்குத் தெரியும். நானும் அப்படியொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். போன வருஷம் அந்தப் பெண்ணின் தாயைப் பார்த்தேன். "எம்மவளுக்கு எங்கெங்க காயம்னு ஊரே படிச்சிருச்சு தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் அனுப்பவில்லை.