முப்பத்தைந்தரை எடையுள்ள அணு

1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. துகள் இயற்பியலாளர்கள் அங்கே தாளும் கணினியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, அடையாற்றங்கரையில் இருப்பது பிரம்மஞான சபை. அதன் தலைவியாக இருந்த அன்னி பெசன்ட்டும் சி. டபிள்யூ. லெட்பீட்டரும் இதே நுண்துகள்களைத் தியானத்தில் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். 1895-ல் கட்டுரையாகத் தொடங்கியது, 1908-ல் ‘அக்கல்ட் கெமிஸ்ட்ரி’ என்ற நூலாயிற்று. குறிப்பெடுத்து உதவியவர் இலங்கையில் பிறந்த ஜினராஜதாசா.

ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்ளும் இந்த ஏற்பாடு பழையது. 1570-ல் யூக்ளிடின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குப் புகழ்பெற்ற முன்னுரை எழுதிய ஜான் டீ, எட்வர்ட் கெல்லியைப் படிகத்துக்குள் பார்க்கச் சொல்லி, தேவதூதர்கள் பேசியதாக அவர் சொன்னதையெல்லாம் எழுதிவைத்தார். தேவதூதர் பேச்சை எந்தத் தராசில் நிறுப்பது? அடையாறுக்காரர்கள் எண் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே நூலைக் கேலிசெய்து ஒதுக்காமல் எடைபோடலாம்.

அவர்கள் கணக்கில் ஹைட்ரஜனுக்குள் 18 நுண்ணணுக்கள், ஆக்சிஜனுக்குள் 290. எந்தத் தனிமத்தின் எண்ணையும் 18-ஆல் வகுத்தால் அதன் அணு எடை வரும் என்றார்கள். பெரும்பாலும் வரவும் செய்தது. சபையின் அன்பர்களுக்கு இதுவே பெரிய சான்று.

குளோரினைப் பார்ப்போம். 639-ஐ 18-ஆல் வகுத்தால் 35.5. அன்றைய வேதியியல் பாடநூல் சொன்ன எடையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் இயற்கையில் 35.5 எடையுள்ள குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. முக்கால் பங்கு 35, கால் பங்கு 37. பாடநூலில் இருந்தது அவற்றின் சராசரி. புரோமினில் நிலைமை இன்னும் மோசம். நூல் 1439 என்கிறது, அதாவது 79.9. இயற்கையிலோ பாதிக்குச் சற்று மேல் 79, மீதி 81. அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்த கண்ணுக்குச் சராசரி எப்படித் தெரிந்தது? சராசரி என்பது அட்டவணையில் மட்டுமே வாழும் உயிரினம். அட்டவணையும் கையருகேதான் இருந்தது: தங்கள் எண்களை அங்கீகரிக்கப்பட்ட எடைகளோடு நூலிலேயே ஒப்பிட்டிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் மெட்டா-நியான். நியானுக்குக் கனமான கூட்டாளி ஒன்று உண்டென்று அவர்கள் எழுதினார்கள். 1913-ல் நியானின் இருவேறு எடைகளை ஆராய்ந்த விஞ்ஞானி ஆஸ்டன், அந்தப் பெயரையே எடுத்தாண்டார். உண்மைதான். ஆனால் நூலின் எண்படி அதன் எடை 22.33, இயற்கையில் அது 22. தவிர, மற்ற மந்த வாயுக்களுக்கும் இப்படியே ‘மெட்டா’ சேர்த்தவர்கள் அவர்கள். வரிசையாகக் கல்லெறிந்தால் ஒன்றாவது மாங்காயில் படும். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் இடையே அவர்கள் கண்ட ‘அக்கல்டம்’ என்ற தனிமத்துக்கு, 1913-ல் இயற்பியலாளர் மோஸ்லி அணு எண்களை வரிசைப்படுத்தியபின் இடமே இல்லாமற்போனது.

1980-ல் ஸ்டீபன் ஃபிலிப்ஸ் என்ற இயற்பியலாளர், அவர்கள் பார்த்தது குவார்க்குகளுக்கும் உள்ளே இருக்கும் துகள்களை என்று நூல் எழுதினார். ஹைட்ரஜனின் 18-க்கு இரண்டு புரோட்டான், ஒவ்வொன்றிலும் ஒன்பது துகள் என்று பொருத்திக் காட்டினார். கெட்டிக்காரத்தனமான பொருத்தம். குவார்க்குகள் 1964-லேயே முன்மொழியப்பட்டவை. அவற்றுக்குள்ளும் துகள் உண்டென்று எந்தச் சோதனையும் இதுவரை காட்டவில்லை.

மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஏமாற்ற நினைப்பவர் குளோரினுக்கு 639 என்று இவ்வளவு திட்டமாக அச்சிட்டு மாட்டிக்கொள்ளமாட்டார். படித்திருந்த எடைகளே தியானத்தில் காட்சியாக வந்தன என்பதுதான் என் முடிவு. அடையாறு வரலாற்றுக்கு இந்நூல் நல்ல ஆவணம். வேதியியலுக்கு இதில் ஒரு வரிகூடத் தேறாது.