பங்காளியும் துரோகியும்: பாண்டியர் உள்நாட்டுப் போர் பற்றி ஒரு வாசிப்பு

1

எங்கள் ஊர் அலங்காநல்லூரில் பொங்கல் சமயத்தில் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. தை மூன்றாம் நாள் வாடிவாசல் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே மைக் கட்டிவிடுவார்கள். சில வருஷங்களுக்கு முன் அப்படியொரு மேடையில் ஒருவர் பாண்டியர் பெருமை பேசினார். பேச்சு ஏறி ஏறிப்போய் ஓரிடத்தில் உடைந்தது. சுந்தர பாண்டியன் என்கிற துரோகி, தம்பிமேல் இருந்த பொறாமையில் மாலிக் காபூரைக் கூட்டிக்கொண்டு வந்தான், மதுரை அன்றைக்கே போய்விட்டது என்றார். நல்ல கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. 'பங்காளிச் சண்டைன்னா அப்பிடித்தான தம்பி' என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

மேடை சொன்ன சொல் துரோகி. பெரியவர் சொன்ன சொல் பங்காளி. ஒரே சம்பவத்துக்கு இரண்டு பெயர். முதல் சொல் ஒருவனைக் குற்றவாளியாக்கி விஷயத்தை முடித்துவிடுகிறது. இரண்டாவது சொல் எதையும் முடிக்கவில்லை. எதில் பங்கு, யாருக்குப் பங்கு, யார் வீட்டுப் பொருள் பங்கு போனது என்று கேட்கவைக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பெரியவரின் சொல்லை வைத்துக்கொண்டு சில பிரதிகளை வாசிக்கும் முயற்சி.

2

முதலில், மேடைக்காரரின் கதை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் பட்டத்துக்கு வந்தவன். அவன் உயிரோடு இருக்கும்போதே 1297இலிருந்து வீர பாண்டியனுக்கும், 1303இலிருந்து சுந்தர பாண்டியனுக்கும் தனித்தனி ஆட்சியாண்டுக் கணக்கு கல்வெட்டுகளில் ஓடுகிறது. 1310இல் சுந்தரன் தகப்பனைக் கொன்றான் என்றும், முறையாகப் பிறக்காத வீரனுக்குத் தகப்பன் முடியைக் கொடுக்க நினைத்ததே காரணம் என்றும் எழுதியவர் வஸ்ஸாஃப். இவர் மதுரையைப் பார்த்தவரல்ல. பாரசீகத்தில் மங்கோலிய அரசின் வரி நிர்வாகத்தில் இருந்தவர். பாண்டிய நாடு அவர் கண்ணில் படுவதற்குக் காரணம் குதிரை. கீஷ் தீவின் வணிகர்கள் வழியாகப் பாண்டியனுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 220 தினார் என்று கணக்குச் சொல்கிறார். அந்த வணிகர் தலைவரின் சகோதரரே பாண்டிய அரசில் அமைச்சராக இருந்தார் என்கிறார். ஆக நம்முடைய 'குடும்பத் துரோகக் கதை' ஒரு வியாபாரக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதப்பட்டது.

அதே வஸ்ஸாஃப், தோற்ற சுந்தரன் ஓடிப்போய் டெல்லியில் அலாவுதீனிடம் அடைக்கலம் புகுந்தான் என்கிறார். அடைக்கலம் என்றுதான் இருக்கிறது, அழைப்பு என்று இல்லை. அடைக்கலம் அழைப்பாக மாறியது பின்னால் வந்தவர்களின் கைவேலை.

இன்னொரு பிரதி அமீர் குஸ்ரு எழுதியது. டெல்லி அரசவையின் கவிஞர். எஜமானனின் வெற்றியைப் பாடுவது அவருக்குத் தொழில். ஒரு பாண்டியனே வந்து காலில் விழுந்து அழைத்தான் என்றிருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பாரா? அவர் சொல்வது வேறு. அதுவரை இணக்கமாக இருந்த சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் படையெடுத்தார்கள். அவர்கள் விட்டுப்போன நகரங்களைக் கொள்ளையடிக்க ஹொய்சள வல்லாளன் கிளம்பினான். டெல்லிப் படை வருவது கேட்டுத் திரும்பினான். 1311 ஏப்ரலில் மாலிக் காபூர் மதுரைக்குள் நுழைந்தபோது ஊர் காலியாகக் கிடந்தது. சுந்தர பாண்டியன் ராணிகளோடு ஓடிவிட்டிருந்தான். விருந்துக்கு அழைத்தவன் விருந்தாளி வரும் நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவானா?

இதைவிட வேடிக்கை, வஸ்ஸாஃபுக்குச் சுந்தரன் மூத்தவன், குஸ்ருவுக்கு வீரன் மூத்தவன். அண்ணன் யார் தம்பி யார் என்பதிலேயே பிரதிகள் முட்டிக்கொள்கின்றன. இந்த நிலையில் 'தம்பிமேல் பொறாமை' என்று மனோதத்துவம் பேசுவது எதைக்கொண்டு?

இந்தப் பிரதிகள் பரவலான வாசிப்புக்கு வந்த வழியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எலியட்டும் டௌசனும் ஆங்கிலத்தில் தொகுத்த வரலாற்றுத் தொகுதிகளில் மூன்றாவது 1871இல் வந்தது. முஸ்லிம் ஆட்சி எவ்வளவு கொடியது, ஆங்கில ஆட்சி எவ்வளவு மேலானது என்று காட்டுவதே நோக்கம் என்பதை எலியட் மறைக்கவில்லை. அந்தத் தொகுப்பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நாம் 1311ஐப் பார்க்கிறோம். துரோகி என்ற சொல் இன்று இரண்டு வேலை செய்கிறது. உள்ளே ஒருவனைத் துரோகியாக்குகிறது. வெளியே ஒரு மதத்தையே அந்நியனாக்குகிறது. கைதட்டல் இரண்டுக்கும் சேர்த்து விழுகிறது.

மதுரை 'அன்றைக்கே' போய்விடவும் இல்லை. காபூர் அதே வருஷம் டெல்லி திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் வடக்கே காஞ்சிபுரம்வரை போனான். காகதீயப் படை வந்தது. 1318இல் குஸ்ரவ் கான், 1323இல் உலூக் கான். பத்துப் பன்னிரண்டு வருஷம் நாலா பக்கமிருந்தும் அரிக்கப்பட்ட ஓர் அரசு அது. அரித்தவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். இவ்வளவையும் ஒருவன் தலையில் கட்டுவது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

3

சுந்தரன், வீரனுக்கு முன்பே இந்த நாடகம் மதுரையில் ஒருமுறை நடந்திருக்கிறது. 1160களில் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் அரியணைச் சண்டை. இவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல, பங்காளிகள். மதுரைக்குள் முற்றுகையில் மாட்டிய பராக்கிரமன் இலங்கையின் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வருவதற்குள் கொல்லப்பட்டான். தளபதி இலங்காபுரன் ராமேஸ்வரம் பக்கம் இறங்கி, செத்தவனின் மகன் வீர பாண்டியனுக்காகச் சண்டை போட்டான். குலசேகரன் சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் போனான். பிறகு குலசேகரனும் இலங்கையும் ஒன்றுசேர, சோழன் கட்சி மாறி வீர பாண்டியன் பக்கம் போனான். நேற்று எதிரி, இன்று உறவு. இதில் யாரைத் துரோகி என்பது?

இந்தப் போருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் இலங்காபுரனின் வெற்றிகளை அடுக்கிக்கொண்டே போகிறது, தோல்வியைப் பற்றி மூச்சுவிடவில்லை. மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, இலங்கைத் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து மாட்டிய கதையைச் சொல்கிறது. அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டதன் காரணம் போர் அல்ல. இறந்துபோன சோழத் தளபதியின் குடும்பத்துக்கு நிலம் விட்ட ஆவணம் அது. மதுரை வாசலில் தொங்கிய தலை, காவிரிக்கரையில் ஒரு குடும்பத்துக்கு வயலாக மாறுகிறது. பங்கு என்று பெரியவர் சொன்னாரே, அது இதுதான்.

சூளவம்சம் போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்கிறது. போரில் பிடிபட்ட தமிழர்களை வைத்து இலங்கையில் தூபிகளைப் பழுதுபார்த்தான் பராக்கிரமபாகு. இவர்கள் யார்? எந்த ஊர்? குலசேகரன் ஆட்களா, பராக்கிரமன் ஆட்களா? வைகைக் கரையிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்? பெயர் இல்லை. இரண்டு பாண்டியர்களின் சண்டையில் செங்கல் சுமந்தவன் கதைக்குள் ஒரு வரியாக நுழைந்து வெளியேறிவிடுகிறான். 1311க்கும் இதே கதிதான். காபூர் கொண்டுபோன யானைகள் 512 என்று குஸ்ரு எழுதினார், 612 என்று பரணி எழுதினார். யானைக்குக் கணக்கு இருக்கிறது. ஆளுக்குக் கணக்கு இல்லை.

4

மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது ஐந்து சகோதர அரசர்களைக் குறிப்பிடுகிறார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்கிறார். அவர்கள் சண்டைக்கு எழும்போதெல்லாம் தாய் நடுவில் வந்து நிற்பாளாம். கத்தியை எடுத்து, சண்டையை நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பால் கொடுத்த இந்த முலைகளை அறுத்துக்கொள்வேன் என்பாளாம். அவள் இருக்கும்வரைதான் அமைதி, செத்தால் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்று ஜோசியமும் சொல்லிவைக்கிறார்.

இது நடந்ததா என்பது என் கேள்வியல்ல. ஒரு வெனிஸ்காரர் காதில் விழுந்த இந்தக் கதை தமிழ்ப் பிரதிகளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழவி, மகன் புறமுதுகிட்டிருந்தால் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். கண்ணகி ஒரு முலையைத் திருகியெறிந்து இதே மதுரையை எரிக்கிறாள். ஆண்களின் அரசியலுக்குத் தீர்ப்பு பெண்ணின் உடம்பில் எழுதப்படுகிறது. போருக்கு அனுப்பவும் அதே முலை, போரை நிறுத்தவும் அதே முலை.

வஸ்ஸாஃபிடம் வரும்போது இந்த ஒரு தாய் இரண்டாக உடைகிறாள். ஒருத்தி தாலி கட்டியவள், இன்னொருத்தி வைப்பு. சண்டைக்கான காரணம் கஜானாவிலிருந்தும் குதிரைக் கடனிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் நகர்ந்து ஒரு பெண்ணின் படுக்கைக்குப் போய்விடுகிறது. தாலி கட்டாதவள் பெற்ற பிள்ளையால் ராஜ்யம் கெட்டது என்று சொல்ல முடிகிறபோது, மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஆட்சியாண்டு ஓடிய அமைப்பைப் பற்றி யாரும் பேசவேண்டியதில்லை. மூத்தவனுக்கே எல்லாம் என்கிற முறை உறுதியாக இல்லாத ஓர் அரசு, நிலத்தையும் படையையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்துத்தான் பிள்ளைகளைப் பிடித்துவைக்க முடியும். பிரித்துக்கொடுத்தால் தனித்தனிப் படை. தனித்தனிப் படை என்றால் ஒருநாள் போர். இதில் பிறப்பின் தூய்மைக்கு என்ன வேலை?

இலக்கியம் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்துப் பார்த்தது. தம்பிக்கே அரசு என்று நிமித்திகன் சொன்னதும் துறவியாகிப்போன இளங்கோவைச் சிலப்பதிகாரத்துக்கு ஆசிரியனாக்கினோம். போட்டியிலிருந்து விலகுகிறவன் எழுத்தாளனாகிறான். அழகான தீர்வுதான். ஆனால் விலகாத தம்பிகளுக்கு அதில் விடை இல்லை.

விடைக்கு அருகில் வந்தவர் என்று நான் கோவூர்கிழாரைச் சொல்வேன். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் சோழர் குடிக்குள்ளேயே மோதியபோது, யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரும் சூடியிருப்பது ஆத்திதானே, யார் தோற்றாலும் உங்கள் குடிதானே என்றார். அது அரச குடியின் கவலை. ஆனால் ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்துகிடந்த நெடுங்கிள்ளியிடம் பேசும்போது அவர் காதில் வேறு சத்தம் விழுகிறது. பாலில்லாமல் அழும் குழந்தைகள், தண்ணீரில்லாத வீடுகள். கதவைத் திற, அல்லது வெளியே வந்து போரிடு, இரண்டுமில்லாமல் அடைத்துக்கொண்டிருப்பது வெட்கம் என்கிறார். முற்றுகைக்குள் இருக்கும் குழந்தையின் அழுகையிலிருந்து அரசியலைப் பேசத் தொடங்கும் இந்த இடம், வஸ்ஸாஃபிலும் குஸ்ருவிலும் சூளவம்சத்திலும் இல்லாத இடம்.

5

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் பேசவேண்டும்?

எங்கள் பக்கத்துச் சுவர்களைப் பார்த்தால் தெரியும். பாண்டியனின் வாரிசு நாங்கள்தான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகள் போஸ்டர் ஒட்டுகின்றன. ஆண்ட பரம்பரை. எல்லோருக்கும் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவன்தான் தாத்தா. தூபிக்குச் செங்கல் சுமந்தவன் யாருக்கும் தாத்தா இல்லை. ஆவூர்க் கோட்டைக்குள் அழுத குழந்தைக்குப் பேரன் பேத்தி இல்லை. 1310இன் பங்காளிச் சண்டை முடியவில்லை. முடி இல்லை, வாரிசுச் சண்டை மட்டும் இருக்கிறது. அந்தச் சண்டையில் எரிகிற குடிசை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இயக்கங்களுக்குள் இருக்கிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1986இல் ஈழத்தில் ஒரே விடுதலையைப் பேசிய அமைப்புகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் அந்த மே மாதம் கொல்லப்பட்டார். அதைச் சகோதர யுத்தம் என்றே தமிழில் சொல்கிறோம். அங்கும் முதலில் வந்தது துப்பாக்கி அல்ல, துரோகி என்ற சொல். அந்தச் சொல் விழுந்த இடத்தில் விவாதம் நின்றுவிடுகிறது. எதில் கருத்து வேறுபாடு, எந்த வளத்தின்மேல் போட்டி, யார் செத்தார்கள் என்கிற கேள்விகளுக்கு அப்புறம் நாக்கு எழுவதில்லை. சிறிய அளவில், நம்முடைய பத்திரிகைக் குழுக்கள் உடையும்போதும் இதேதான். பத்திரிகை நிற்கும், துரோகிப் பட்டியல் மட்டும் அச்சாகிக்கொண்டிருக்கும்.

என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு வந்து பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அப்பத்தா இரண்டு வீட்டுக்கும் மாறிமாறிச் சாப்பிடப் போவாள். ஒருநாள் அவளிடம், 'யார் மேல தப்பு அப்பத்தா' என்று கேட்டேன். 'தப்ப வச்சு நாக்கு வழிக்கவா? ஆளுக்கு எத்தன நாள் தண்ணின்னு கேளு' என்றாள். கத்தியை எடுக்கவில்லை, முலையை அறுப்பேன் என்று சொல்லவில்லை. முறைத் தண்ணீர்க் கணக்கைத்தான் பேசினாள். பழைய கணக்கில் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு நாள் குறைந்திருந்தது உண்மை.

அழகர் தங்கை கல்யாணத்துக்கு வந்தும் முகூர்த்தம் தவறியதில் கோபித்துக்கொண்டு, ஆற்றோடு வண்டியூருக்குப் போகிற கதையை இந்தச் சமவெளி வருஷாவருஷம் நடத்துகிறது. தேனூருக்குப் போகும் வழியில் அழகரை அலங்காரம் செய்த இடம் என்பதால்தான் அலங்காநல்லூர் என்று எங்கள் ஊரில் பெயர்க் காரணம் சொல்வார்கள். தொ.பரமசிவனின் 'அழகர் கோயில்' படித்தவர்களுக்கு, அந்தத் திருவிழாவில் எத்தனை சாதிகள், எத்தனை சமரசங்கள் என்று தெரியும். அண்ணன் கோபம் தீரவில்லை, தங்கையைப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் யாரும் யாரையும் துரோகி என்பதில்லை. அடுத்த சித்திரையில் மறுபடி வருகிறார். தீராத சண்டையைக் கொலையில்லாமல் வைத்துக்கொள்வதற்கு ஜனங்களுக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது. அதில் சாதி மரியாதைச் சண்டைகளும் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் ராஜாக்கள் கதையில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்கும் மேடை போடுவார்கள். சுந்தர பாண்டியன் மறுபடி துரோகியாவான். கைதட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவரைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பங்கு என்ன, யார் வீட்டிலிருந்து எடுத்தது என்று மேடையைப் பார்த்துக் கேட்க நம்மில் ஒருத்தராவது எழுந்திருக்க வேண்டும்.