பிளேட்டோவும் இப்னு றுஷ்தும்

அரசியல் மெய்யியலின் மூலநூல்களுள் ஒன்று பிளேட்டோவின் 'குடியரசு'. நீதி எது என்ற வினாவிலிருந்தே அந்நூல் விரிகிறது. குர்துபாவின் காதியாக இருந்த இப்னு றுஷ்த் (1126-1198) இதற்கு உரை எழுதினார். அரிஸ்டோட்டிலின் 'அரசியல்' கிட்டாமையால் இதனை எடுத்துக்கொண்டதாக அவரே கூறுகிறார்.

ஆயினும் இவ்வுரை மூலத்தின் வெறும் நிழலன்று. பெண்களும் காவலராகலாம், ஆளலாம் என்ற பிளேட்டோவின் கருத்தை ஏற்ற அவர், அத்தோடு நில்லாது தம் காலத்து நகரங்களை நோக்கித் திரும்புகிறார். அங்கே பிள்ளைப்பேற்றுக்கும் வளர்ப்புக்கும் மட்டுமெனப் பெண்கள் ஒதுக்கப்பட்டதால் அவர்தம் ஆற்றல் அறியப்படவில்லை. அவர்கள் செடிகளைப் போலாயினர். அந்நகரங்களின் வறுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதனை எழுதியவர் ஷரீஅத் சட்டத்தில் துறைபோன ஓர் அறிஞர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கவிஞர்களைக் கட்டுப்படுத்தும் விடயத்தில் மட்டும் அவர் பிளேட்டோவின் பக்கமே நின்று, அரபுக் கவிதைகளையும் சாடுகிறார். எழுதுவோராகிய நமக்கு இது உடன்பாடன்று.

உரையின் அரபு மூலம் இன்றில்லை. பதினான்காம் நூற்றாண்டின் ஹீப்ரு மொழிபெயர்ப்பே அதனைக் காத்துத் தந்தது. மேடைகளில் இப்னு றுஷ்தின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அப்பெருமைக்கு உரியவராக வேண்டுமாயின், பெண்கல்வி பற்றிப் பேசும்போதாவது அவரை நாம் படித்திருக்க வேண்டும்.