பரதநாட்டியத்தில் ஆடுபவரும் நடன அமைப்பும்

பரதநாட்டியத்தில் நடன அமைப்பு என்பதே இருபதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது, அதற்கு முன் ஆடுபவர் நட்டுவனாரின் கட்டளையை உடலால் நிறைவேற்றியவர் மட்டுமே என்ற கருத்து இன்று செல்வாக்குடன் வழங்குகிறது. வர்ணத்தின் கட்டுமானம் அதற்கு இடம் தரவில்லை.

நட்டுவனார்களான தஞ்சை நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசைக்கு வடிவம் தந்தனர். அடவுக் கோவைகளும் தீர்மானங்களும் நட்டுவனாரின் வசமே இருந்தன. ஆனால் வர்ணத்தில் ஒரு தீர்மானம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, அதன் பொருளைச் சஞ்சாரியாக விரிப்பது ஆடுபவரின் உரிமை. பதத்தில் அந்த உரிமை முழுமையானது.

இவ்வுரிமையின் உச்சம் பாலசரஸ்வதி (1918–1984). கந்தப்பா பிள்ளையின் கடும் பயிற்சி தாளத்தை அவர் உடலில் ஊன்றியது. அவர் பிறந்த வீணை தனம்மாள் குடும்பத்தின் இசை அபிநயத்துக்கு ஊற்றானது. தாய் ஜெயம்மாள் ஒரு சங்கதியை மாற்றிப் பாடினால் மகளின் பாவமும் அக்கணமே மாறும். பதத்தைத் தானே பாடிக்கொண்டு அவர் ஆடும்போது, அமைப்பவரும் ஆடுபவரும் ஒருவரே. இதை அமைப்பு அன்று என ஒதுக்குவது, ராக ஆலாபனையை இசையாக்கம் அன்று என்பதற்கு ஒப்பாகும். 1973இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தபோது இந்த இசையறிவும் உரிய மதிப்பைப் பெற்றது.

ருக்மிணி தேவியின் பாதை வேறு. 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய அவர், குற்றாலக் குறவஞ்சி (1944), 1955 முதல் இராமாயண வரிசை ஆகிய நாட்டிய நாடகங்களில் அரங்க வெளி, உடை, குழு அசைவு அனைத்தையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவந்தார். அந்த அழகு மறுக்க முடியாதது. ஆயினும் பலர் ஒருங்கே ஆடும் மேடையில் கை எவ்வளவு உயர வேண்டும் என்பதுகூட முன்பே முடிவாகிவிடுகிறது. தனியொருவரின் மனோதர்மத்துக்கு இடம் குறுகுகிறது.

சந்திரலேகா ‘அங்கிகா’ (1985) முதல் ‘சரீரா’ (2001) வரை பக்திக் கதைகளை விலக்கி, களரிப்பயிற்றையும் யோகத்தையும் அரைமண்டியோடு இணைத்தார். அமைப்பு முழுக்க அவருடையது; ஆனால் மிக மெதுவான அசைவில் எடையை எங்கே தாங்குவது, மூச்சை எங்கே நிறுத்துவது என்பவை ஆடுபவரின் உள்முடிவுகளாயின. அவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் பின்னர் தாமே நடனங்களை அமைத்துத் தனி வழி கண்டார்.

பாலசரஸ்வதியின் வழியைத்தான் இன்றைய பயிற்சி கைவிட்டுவிட்டது. சஞ்சாரிகளும் மனப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. பதிவுசெய்த இசைக்கு ஆடும்போது ஒரு வரி எத்தனை முறை வரும் என்பது மாறாதது. இந்நிலைக்குப் பழைய நட்டுவனார்கள் காரணமல்லர். மாணவர் பதங்களைப் பாடக் கற்பதும், உயிருள்ள பாடகரோடு ஒத்திகை பார்ப்பதும் பயிற்சியின் நடுப்பகுதிக்கே வர வேண்டும். அரங்கேற்றத்திலும் வர்ணத்தின் ஒரு வரியேனும் முன்கூட்டி அமைக்கப்படாமல் மாணவரிடம் விடப்பட வேண்டும்.