இரண்டு நோபலும் ஒரு ஜலதோஷமும்

பக்கத்து வீட்டுத் தாத்தா இரண்டு வயதுப் பேரனுக்கு ஆரஞ்சு நிற வைட்டமின் சி மாத்திரைகளை மிட்டாய் போலக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘சளிக்கு நல்லதுதானே சார்? பாலிங்கே சொல்லியிருக்காரே!’ என்றார். வீட்டுக்கு வந்து, லைனஸ் பாலிங் 1970-ல் எழுதிய ‘வைட்டமின் சியும் ஜலதோஷமும்’ புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

சின்னப் புத்தகம். படித்து முடித்ததும் மருந்துக் கடைக்கு ஓடத் தோன்றும். அதுதான் அதன் பலம், ஆபத்தும் அதுவே. எழுதியவர் லேசுப்பட்டவர் இல்லை. 1954-ல் வேதியியல், 1962-ல் சமாதானம் என்று இரண்டு நோபல் பரிசுகளை, இரண்டையும் யாருடனும் பங்கு போடாமல் வாங்கியவர். தினம் ஒரு கிராமும் அதற்கு மேலும் சாப்பிடச் சொல்கிறார். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 மில்லிகிராம்தான். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ரேஷன்!

அவர் பெரிதும் நம்புவது, ஸ்விட்சர்லாந்தில் பனிச்சறுக்கு முகாமில் 279 பேரிடம் நடந்து 1961-ல் வெளியான பரிசோதனையை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஜலதோஷம் குறைந்தது நிஜம். ஆனால் பனியில் உடம்பை வருத்துகிறவர்களுக்குச் சரியானது, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தும்முகிற நமக்கும் சரியா? அந்த வித்தியாசத்தை பாலிங் போதுமான அளவுக்கு மதிக்கவில்லை. புத்தகத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை 29 பரிசோதனைகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. தினமும் சாப்பிட்டாலும் பொதுஜனங்களுக்கு ஜலதோஷம் பிடிப்பது குறையவில்லை. பிடித்தபின் இருக்கும் நாள்கள் பெரியவர்களுக்கு 8 சதவிகிதம், குழந்தைகளுக்கு 14 சதவிகிதம் குறைந்தன. ஏழு நாள் ஜலதோஷத்தில் அரை நாள், ஒரு நாள் லாபம். மூக்கு ஒழுக ஆரம்பித்தபின் விழுங்கினால் நிச்சயமான பலன் இல்லை. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனியில் பயிற்சி செய்யும் வீரர்கள் போன்றோருக்கு மட்டும் ஜலதோஷம் பாதியானது. பாலிங் முழுப் பொய் சொல்லவில்லை. சிலருக்கானதை எல்லோருக்குமாக நீட்டிவிட்டார்.

அளவுக்கு மீறினால் உடம்பு மிச்சத்தை வெளியே தள்ளும். வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்களும், ஜி-6-பி-டி குறைபாடு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அமெரிக்க நிபுணர் குழு 2000-ல் வகுத்த ஒரு நாள் உச்சவரம்பு பெரியவர்களுக்கு 2000 மில்லிகிராம், நாலிலிருந்து எட்டு வயதுவரை 650, ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை 400. கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அந்தப் பேரனுக்கு அதிகம்!

தாத்தாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மறுநாள் பேரன் கையில் கொய்யாத் துண்டு. அதிலும் வைட்டமின் சி தாராளமாக இருக்கிறது. அதைச் சொல்ல நோபல் பரிசு தேவையில்லை.