பராக்! யாருக்கு?

பழைய அரச கதைப் படங்களிலும் நாடக மேடையிலும் மன்னன் வருவதற்கு முன்பே, அவன் வருகையை அறிவிக்கும் கட்டியக்காரனின் குரல் வந்துவிடும். ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட என்று விருதுகளை அடுக்கிக்கொண்டே போய், ‘பராக், பராக்’ என்று முடியும் அந்தக் குரல். கவனம் என்பது அதன் பொருள். வீட்டுக்குள் வந்தால் அதே சொல் தலைகீழாகி நிற்கிறது. ‘பராக்குப் பார்க்காம நட’ என்று பிள்ளையை அதட்டுகிறோம். சில ஊர்களில் அது ‘பிராக்கு’. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்குப் பராக்குக் காட்டித்தான் சோறு தீத்துவார்கள். இங்கெல்லாம் பராக்கு என்றால் கவனம் வேறெங்கோ போயிருப்பது.

வடமொழியில் ‘பராக்’ என்பது அப்பால் திரும்பியிருப்பதைக் குறிக்கும். பராமுகம் என்று நாம் சொல்வதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். ஆக, வீட்டு வழக்கே மூலத்துக்கு நெருக்கமானது. விளக்கம் வேண்டுவது அரண்மனை வழக்குக்குத்தான். தெலுங்கிலும் இதே இரட்டை நிலை உண்டு: ‘பராகு’ என்றால் அசட்டை, ‘பஹுபராக்’ என்றால் அரசவை முழக்கம். கன்னட அரசவைகளிலும் அந்த முழக்கம் ஒலித்தது. நாயக்கர் ஆட்சியில் தஞ்சையிலும் மதுரையிலும் தெலுங்கு அவைமொழியாக இருந்ததால், நம் கட்டியக்காரர்கள் வாயில் அது ஏறியதில் வியப்பில்லை. எனக்குத் தோன்றும் விளக்கம் எளியது. ‘பாம்பு!’ என்று ஒருவர் கத்தினால் ‘பார்த்துப் போ’ என்று எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? அசட்டையின் பெயரைச் சொல்லியே அசட்டையைத் தடுப்பதும் அப்படித்தான்.

இதைவிடச் சுவையான கேள்வி, இந்த எச்சரிக்கை யாருக்கு என்பது. கூட்டத்துக்கு என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். முகலாய அவையோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘பா அதப், பா முலாஹிஸா, ஹோஷியார்’ என்னும் முழக்கம் அப்படிப்பட்டதுதான். மரியாதையோடும் விழிப்போடும் நில்லுங்கள் என்று அவையோருக்கு இடும் கட்டளை அது. ஆனால் சிவாஜி மகாராஜாவுக்கு மராட்டியர் இன்றும் முழங்கும் ‘ஆஸ்தே கதம்’ வேறு வகை. ‘மெல்ல அடியெடுத்து வை’ என்று வருகிற மன்னனிடமே சொல்கிறது அது.

நம் பக்கத்துச் சான்றும் இந்த இரண்டாவது வகைக்கே சாய்கிறது. தியாகராஜர் (1767–1847) இறைவனுக்குச் செய்யும் அன்றாட உபசாரங்களுக்கென உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகள் பாடினார். அவற்றில் யதுகுலகாம்போதியில் அமைந்த ‘ஹெச்சரிககா ராரா’ ராமனைப் பார்த்து, எச்சரிக்கையாக வா என்கிறது. வழியில் நிற்பவர்களை விலகச் சொல்லும் பாட்டல்ல. தெய்வத்துக்கும் அரசனுக்கும் உபசாரம் ஒன்றாகவே இருந்த உலகத்தில், பராக் என்ற கூவலையும் மேல்நோக்கியதாகவே வாசிக்கலாம்: பெருமானே, இங்கே கவனம் வை, உன் பார்வை வேறு பக்கம் போய்விட வேண்டாம்.

இப்படி வாசித்தால் கச்சேரிகளில் நாம் கேட்டுப் பழகிய சில பாடல்களும் இதனோடு வந்து சேர்கின்றன. தியாகராஜரின் கிரணாவளிக் கீர்த்தனை ஒன்று ‘பராகு’ என்றே தொடங்குகிறது. ஏன் இந்த அசட்டை என்று ராமனைக் கேட்கிறது. சியாமா சாஸ்திரியின் (1762–1827) கேதாரகௌளக் கீர்த்தனையான ‘பராகேல நன்னு’ அம்பாளிடம் அதையே கேட்கிறது. கட்டியக்காரன் உரக்கக் கூவியதைத்தான் பக்தன் குறையாகப் பாடுகிறான் என்பது என் கணிப்பு. தமிழுக்கு இந்தக் கவலை தெலுங்கோடு வந்ததும் அல்ல. திருக்குறள் அரசியல் பகுதியில் ‘பொச்சாவாமை’ என்று முழு அதிகாரமே இருக்கிறது. மகிழ்ச்சி மயக்கத்தில் வரும் மறதி, அளவுமீறிய சினத்தைவிடக் கெட்டது என்று அது தொடங்குகிறது. மறந்திருப்பவன் குடிமகன் அல்ல, ஆள்பவன்.

அப்படியானால் குரல் எப்போது கூட்டத்தின் பக்கம் திரும்பியது? ஆண்டு குறித்துச் சொல்ல இயலாது. மேடையில்தான் திரும்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் கட்டியக்காரன் முதலில் வருகிறான். அவனைத் தொடர்ந்துதான் குற்றாலநாதரின் பவனி. இறைவனின் வருகையைப் பார்வையாளருக்கு அறிவிப்பவன் அவன். மட்டக்களப்புக் கூத்திலும் அரசனுக்கு முன் வருபவன் கட்டியக்காரனே. தெருக்கூத்தில் அவன் இன்னும் துணிந்துவிட்டான். அரசனை நீ யார் என்று கேட்கிறான், ஊர்ப் பேச்சில் கேலி செய்கிறான், அரசன் விருதுகளை நீட்டி முழக்கும்போது சபையைப் பார்த்துச் சிரிக்கிறான். விழித்திரு என்று மன்னனிடம் சொன்னவன், இவன் விழித்திருக்கிறானா பாருங்கள் என்று நம்மிடம் சொல்லத் தொடங்கிய இடம் அது. 2006-இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் அரசவை ஆடம்பரம் முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்ததே, அந்தச் சிரிப்பைக் கூத்துக் கட்டியக்காரன் எப்போதோ தொடங்கிவைத்துவிட்டான்.