பழமொழியும் பிரசங்க பீடமும்

தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சேற்றியதில் மிஷனெரிமாருக்குப் பெரும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனெரியாகத் தொண்டாற்றிய பீட்டர் பெர்சிவல், 1874இல் சென்னையில் வெளியிட்ட பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் தந்தார். ஜான் லாசரஸ் ஐயரின் அகராதி 1894இலும், டேனிஷ் மிஷனெரி ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 1897இலும் வெளிவந்தன. ஜென்சன் பொருள்வாரியாக வகுத்தார். மற்ற இருவரும் அகரவரிசையைக் கைக்கொண்டனர்.

அகரவரிசை தேடுவோர்க்கு வசதியே. ஆயின் யார், யாரிடம் சொன்னது என்பது அதில் மறைந்துபோகிறது. 'ஏரி நிறைந்தால் கரை கசியும்' என்பதற்கு, செல்வர் செழித்தால் அண்டியோர்க்கும் சிறிது கிட்டும் என நாம் எளிதில் உரை கூறிவிடுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரமோ ஏரிகள் நிறைந்தது. தாழ்வான மனைகளில் குடியேறியோர் அங்குப் பலர். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறவாத அவர்தம் செவியில் இவ்வுரை ஏறுமா?

இதனினும் கவலைக்குரியது வேறொரு வழக்கம். 'அடி உதவுகிறதுபோல அண்ணன் தம்பி உதவமாட்டார்' என்பதிலுள்ள அடி, ஆண்டவரின் திருவடியே என விளக்கும் அருளுரைகளைக் கேட்டு வருகிறோம். கேட்க இனிமைதான். ஆனால் 'அடியாத மாடு படியாது' என்று உடன்பிறந்த பழமொழி ஒன்று நிற்கிறதே! அதற்கு எந்தத் திருவடியைக் காட்டுவது? வீட்டில் அடிபட்டு ஆலயத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அப்பழமொழியின் பொருள் நன்கு தெரியும். நம் விளக்கம் அவளுக்கு ஆறுதலாவதில்லை, அடித்தவனுக்கே மறைவிடமாகிறது.

திருமறை காட்டும் வழி வேறு. எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில், தந்தையர் தின்ற திராட்சக்காயால் பிள்ளைகளின் பல் கூசியது என்னும் பழமொழியைத் தீர்க்கதரிசி மக்கள் வழங்கியவாறே எடுத்துரைக்கிறார்; பின்பு, அது இனி இஸ்ரவேலில் வழங்கலாகாது என்று ஆண்டவரின் ஆணையாக மறுக்கிறார். எரேமியா 31:29, 30ஆம் வசனங்களும் இதனையே தொடுகின்றன. திராட்சக்காய் என்பது உண்மையில் வேறொரு காய் என்று இருவருள் ஒருவரும் பாடபேதம் தேடவில்லை.

பிரம்பைப் பற்றிய நீதிமொழிகள் 13:24 நம் கையிலேயே இருக்க, தமிழ்ப் பழமொழியை மட்டும் மெழுகிவிடுவதால் ஆவதென்ன? அவ்வசனத்திற்கும் நாம் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

மேற்கூறிய தொகுப்புகளைப் புரட்டும் மாணவர், சாதியையும் பெண்மையையும் இழித்துரைக்கும் பழமொழிகளை ஏராளமாகக் காண்பர். தொகுத்தோர் அவற்றை ஒதுக்கிவிடாமல் அச்சேற்றியது நமக்கு நன்மையே. அச்சொற்களுக்கு இலக்கானோரின் பேரப்பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவற்றை எதிர்த்து ஒரு பிரசங்கத்தை அவர்களுள் பலர் இன்னும் கேட்டதில்லை.